பதினாறாவது கேள்வி

வாக்கெடுப்பு இல்லை, தொகைமதிப்பு என்று
கதவுக்குக் கதவு சொல்லி
கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியின் ஐந்தாம் தளம் வரும்போது
தொண்டை கட்டிவிட்டது.
வீட்டுக்கு இவ்வளவு என்று எனக்குக் கூலி.
பூட்டிய வீட்டுக்குக் கிடையாது.

வீட்டுத் தலைவர் யார்?
டெல்சியா ஒருகணம் உள்ளே திரும்பிப் பார்த்தாள்.
சுவரில் திருஇருதயப் படம், மரக்கறிக் கடைக் கலண்டர்,
ஆணியில் குத்திய கறண்ட் பில்.
மூன்று வருடமாகப் படியேறி வராத ஒருவனின் பெயரை
எழுத்துக்கூட்டிச் சொன்னாள்,
பிழை வந்துவிடக் கூடாதென்று இரண்டாம் தரமும்.
துறைமுகக் கண்டீன் சம்பளத்தில்தான்
வாடகை, சீட்டுக் காசு, இரண்டு பெட்டைகளின் டியூஷன்.
அதைக் கேட்க என் டப்பில் கட்டம் இருந்தது.
திரும்பிப் பார்த்ததற்கு இல்லை.

பதினாறாவது கேள்வியை
ஆண்கள் பக்கத்தில் நின்றால் தாழ்ந்த குரலில் கேட்பேன்:
உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை?

மாளிகாவத்தையில் சித்தி மர்ளியா விரல் மடித்தார்.
ஏழு.
பிறகு இன்னொரு விரலைத் தொட்டு,
மடிக்காமல் வைத்திருந்து,
எட்டு, எழுதுங்க மகள், நாப்பது நாள் இருந்திச்சு.
அவர் மகள் நஸ்லியாவுக்கு இரண்டு.
தையல் மெஷினில் பள்ளிச் சீருடைகள் குவிந்திருக்க
காலை எடுக்காமலே சொன்னாள்:
'மூணாவது வேணாண்டு நாந்தான் சொன்னேன்.
மெஷின் வாங்கின பொறகுதான்
அதச் சொல்ல வாய் வந்திச்சு.'
தாய் சிரித்தார்.
கோபமா பொறாமையா, எனக்குப் பிடிபடவில்லை.
எட்டுத் தரமும் அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வெள்ளவத்தையில் லிஃப்ட் இருக்கிறது.
கடல் தெரியும் பல்கனி. வங்கி அதிகாரி சுபத்திரா,
மடிக்கணினியை மூடாமல்:
'ஒண்டுதான். ரெண்டாவதுக்கும் பதவியுயர்வுக்கும்
ஒரே வருசம் வந்திட்டுது.'
அந்த ஒன்றுக்கு வாழைப்பழம் மசித்துக்கொண்டு
குசினி வாசலில் ஒருத்தி.
இவ பேரும் போடோணுமோ, எங்களோட நிக்கிற பிள்ளை.
பிள்ளைக்கு வயது முப்பத்தொன்று. பெயர் யோகமலர்.
பொகவந்தலாவையிலிருந்து வந்து பதினாறு வருடம்.
பதினாறாவது கேள்விக்குப் பூச்சியம் என்றாள்,
உடனே, யாரும் சொல்லாமல்,
'தம்பிக்கு மூணு. நான் அனுப்புன காசுலதான்
அவனுக்குக் கல்யாணமே நடந்திச்சி.'
அந்த மூன்றை எந்த வீட்டில் சேர்ப்பது?
டப் என் விரலுக்காகக் காத்திருந்தது.
வாழைப்பழக் கிண்ணம் காலியானது.

இரவு, தொலைக்காட்சியில் ஒருவர் கவலைப்படுகிறார்.
பிறப்பு குறைகிறதாம், நாடு கிழடாகிறதாம்,
பெண்கள் யோசிக்க வேண்டுமாம்.
திரையில் ஒரு சிவப்புக் கோடு
படிப்படியாகக் கீழே இறங்குகிறது.
இன்று முழுக்க நான் இறங்கிய படிகள் அவை.
யோசிக்காமல் இறங்கியவளை
ஒரு வீட்டிலும் நான் காணவில்லை.
ஐயா, யோசிக்க இடம் கிடைத்ததால் வந்த கோடு அது.
இடம் கிடைக்காதவர்கள் யோசித்ததும்
அதில்தான் இருக்கிறது.
இதை அவரிடம் சொல்ல முடியாது, சத்தத்தைக் குறைத்தேன்.

கடைசியில் என் வீடு மிச்சம்.
பதினாறுக்குப் பூச்சியம் போட்டேன்.
வேலை நிரந்தரமாகட்டும் என்று
ஐந்து வருடமாகச் சொல்லிவருகிறேன்,
மாமியிடம் ஒரு மாதிரி, கிளினிக் மிஸ்ஸிடம் வேறு மாதிரி,
ஊசி போட்ட நாளில் எனக்கே ஒரு மாதிரி.

வீட்டுத் தலைவர் யார்?
குளியலறைக்குள்ளிருந்து, 'என்ர பேரப் போடும்' என்கிறார்,
பகிடியாகத்தான், சவர்க்கார நுரையோடு.
டெல்சியாவை நினைத்துக்கொண்டு
என் பெயரை அடித்தேன்.
அடித்துவிட்டு
கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

மட்டரி நாலு வீதம்.
உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.